அம்மாவின் பிறந்த வருடம்

12 ஜூன் 1994

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஜெரோம் அண்ணன் இன்று வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பெற்ற லூசியா இத்தாலிக்காரி. இங்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து எங்கள் ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டவள். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். அவள் வழியில் அம்மாவும், அம்மா வழியில் நானும் இத்தாலிக் குடிமக்கள் ஆகலாமாம். ஆனால் தாய்வழி என்றால், அம்மா 1948-இலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்.

பள்ளிச் சான்றிதழில் 1-6-1947.

அம்மா சிரித்தாள். "காந்தி செத்தப்ப நான் தொட்டில்ல கெடந்தேனாமா. நாலரை வயசுல பள்ளிக்கொடம் கூட்டிட்டுப் போனாங்க. தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. எங்கம்மாவாட்டம் நீளக் கையி, தொட்டுப்போட்டேன். அஞ்சு முடிஞ்சுதுன்னு அவரே ஒரு தேதி எழுதிக்கிட்டாரு."

அப்பா சிரிக்கவில்லை. மில் மூடி ஒரு வருடம் ஆகிறது.

14 ஜூன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அப்பா கூப்பிட்டார். "உன்ற எழுத்து அச்சாட்டம் இருக்குது அம்மணி. அந்த ஏழ எட்டாக்கிப்போடு."

"தப்புங்கப்பா."

"பொய்யா எழுதச் சொல்றேன்? நெசத்தத்தான எழுதறே!"

பிளேடால் சுரண்டினேன். எழுதினேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாதாம். நாளைக்கே மெட்ராஸ் இத்தாலி ஆபீசுக்குத் தபாலில் போகிறது.

19 ஜூன்

பஸ் ஸ்டாப்பில் ஒரு போலீஸ்காரர் என்னையே பார்த்தார். எதற்குப் பார்த்தார்?

27 ஜூன்

அம்மா யாரிடமும் சொல்லாமல் அவிநாசிப் பக்கம் பழைய மாதா கோயிலுக்குப் போய், தன் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி, அங்கிருந்தே மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். "பொறந்தது ஜனவரி ஒம்பது, நாப்பத்தெட்டு. ஞானஸ்நானம் அதே மாசம் பதினெட்டு. நாந்தான் சொன்னனே!" எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

நான் வருடத்தை மட்டும்தானே மாற்றினேன்? மாதம் ஜூன் அப்படியே இருக்கிறது. ஒரு காகிதத்தில் ஜூனில் பிறக்கிறாள், இன்னொன்றில் ஜனவரியிலேயே ஞானஸ்நானம். கண்டுபிடித்துவிடுவார்கள். ஐயோ — சும்மா இருந்திருந்தால் அம்மாவின் காகிதமே போதுமே.

5 ஜூலை

அப்பாவும் அம்மாவும் நேரில் வரவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து கடிதம். பதினாலு வயசுக்கும் ஜெயில் உண்டா? யார்கிட்ட கேக்கறது?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என் பேனாவை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். பிறகு, "எப்பிடி எழுதுனே? எழுதிக் காட்டு கண்ணு" என்றாள். காட்டினேன்.

14 ஜூலை

அப்பாவும் அம்மாவும் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார்கள். "இந்த எட்டு யார் போட்டது?" என்று ஆபீசில் கேட்டார்களாம். "நானுங்க" என்றாளாம் அம்மா. போட்டுக் காட்டச் சொன்னார்களாம். போட்டிருக்கிறாள். போலீசைக் கூப்பிடவில்லை. மனுவை மட்டும் தள்ளிவிட்டார்கள். அப்பா தலை நிமிரவே இல்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. அம்மா எட்டுப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். என் எட்டு ஒரே சுழி, தலையில் சின்னக் கொக்கி. எப்படி நம்பினார்கள்?

சமையலறையில் மாவு டப்பாவை நகர்த்தினேன். பின்னால் கிழித்துப்போட்ட காலண்டர் தாள்கள். ஜூலை ஐந்தின் பின்பக்கத்தில் வரிவரியாய் எட்டு, எல்லாம் இரட்டை வட்டம். ஏழாம் தேதியில் சுழிக்கப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் தேதித் தாளில் எல்லாமே என் எட்டு.