கடைசிப் பத்து நிமிடம்

பேசாமடந்தை அக்காவுக்கு,

ஒரே அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதும் நிலைமை வந்துவிட்டது. பதினாறு நாளாக நீ சுவரைத்தான் பார்க்கிறாய். சுவருக்கே வெட்கமாக இருக்கும். திங்கட்கிழமை விடுதிக்குக் கிளம்பும்போதும் இப்படியேதான் போவாயா?

நீ ஆசை ஆசையாகப் படித்த பறக்கும் கப்பல் கதையில், மூன்றாம் பக்கத்திலேயே "நரிதான் திருடன்" என்று பென்சிலில் எழுதியது யார் என்று வீட்டுக்கே தெரியும். அந்தப் பேச்சை விடு.

நேற்று அந்தக் கதையின் புதுப் படத்துக்கு நண்பர்களோடு போனேன். நரி நம் கணக்கு வாத்தியார் மாதிரியே முறைக்கிறது. படத்தில் முடிவை மாற்றிவிட்டார்களாம். அதனால் கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன்.

"என்னடா, வயிறு சரியில்லையா?" என்று குண்டன் கேட்டான்.

"வாய்தான் சரியில்லை" என்றேன்.

ஏற்கெனவே படம் பார்த்தவன் எவனும் முடிவை உளறிவிடக் கூடாதென்று வீடு வரை காதைப் பொத்திக்கொண்டே நடந்தேன்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை உன்னோடுதான் பார்ப்பேன். வழியில் நீ பேச வேண்டாம், திட்டினால் போதும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தொல்லை