அக்கா பெயரில் ஒன்பது வருஷம்

மார்ச் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கேஸ் தீர்ந்தது, கடைக்குச் சொல்லணும். வீட்டுக்காரர் அந்தோணிக்குக் கண் மருந்து மூன்று வேளையும் போட்டாச்சு.

பக்கத்து ஊர் செர்காமிலிருந்து மேரி போன். சிங்கப்பூர் பேக்டரியில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவள். அங்கே அவள் சம்பளத்தில் பிடித்த சேமநிதி இப்போதுதான் கைக்கு வந்ததாம். "ஒனக்கும் கெடக்கும் அமலி. போன் போட்டுக் கேளுலா. ஒம்பது வருசம் வேல செஞ்சியே!"

இன்னும் அமலி என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்குக்கூடத் தெரியாது. அமலி என் அக்கா. நான் ஸ்டெல்லா.

எஸ்டேட்டில் அப்பா கால் உடைந்து கிடந்த வருஷம். எனக்குப் பதினைந்து. அந்த வயசுக்குச் சிங்கப்பூரில் வேலை இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பதினெட்டு வயசு அக்கா, தன் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்துக் கையில் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முக ஜாடை. பாஸ்போர்ட், பெர்மிட் எல்லாம் அவள் பெயரில். கைரேகை மட்டும் என்னுடையது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து சேமநிதி ஆபீஸுக்குப் போன் போட்டேன். சும்மா கேட்டுப் பார்க்கத்தான்.

ஒரு பெண். தமிழ் பேசினாள். ஐசி நம்பர் கேட்டாள். அக்கா நம்பர் இன்னும் மனப்பாடம். "அமலோற்பவம் நீங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கணக்கு இருக்கிறதாம். நேரில் வந்து கைரேகை வைக்கணுமாம். போனை வைத்துவிட்டேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை.

அந்தோணிக்கு எல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு முன்பே சொன்னதுதான். "விட்டுரு ஸ்டெல்லா. இந்த வயசுல கம்பி எண்ணப் போறியா?"

பயம் என்னென்ன?
போலீஸ்.
அக்காவையும் பிடிப்பார்கள், ஐசி கொடுத்தவள் அவள்.
அந்தோணிக்கு யார் மருந்து போடுவது.

மார்ச் 7, வெள்ளி

சிங்கப்பூர் நம்பர் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். "அங்க எதுக்குடி போனு?" என்கிறார் அந்தோணி. வெளியே கார் நின்றால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்கு வந்த கார்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து எங்கள் ஊர் பெம்பானிலிருந்து பஸ். தெங்கேராவில் அக்கா வீடு. ராயா பெருநாள் வருகிறது, வீடு முழுக்க மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் துணி. அத்தான் போனதிலிருந்து தையல்தான் அவளுக்குச் சோறு.

பொய் சொன்னதைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் மிஷினை நிறுத்திவிட்டாள்.

"கைரேகை கேட்டாங்களா? அதுக்குத்தான்டி நான் அங்க போகவே இல்ல."

புரியவில்லை.

அவள் மகள் ரீட்டா சிங்கப்பூரில் கட்டிக்கொண்டு போனவள். பிரசவத்துக்கு வா என்று கெஞ்சினாள். பஸ் ஏறினால் வாந்தி என்று அக்கா போகவில்லை. "பெத்த தாய் வரல" என்று ரீட்டா கோபித்துக்கொண்டாள். பேத்திக்கு மூன்று வயசு, இன்னும் இங்கே கூட்டி வரவில்லை. போனில் மட்டும் முகம் காட்டுவாள்.

"வாந்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. எம்பேருல ஒருத்தி ஒம்பது வருசம் அங்க இருந்துருக்கா. நான் போயி வெரல வச்சா வேற ஆளுன்னு காட்டாதா? ஒன்னய தேட மாட்டாங்களா?"

இத்தனை வருஷமாகவா? என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"சொன்னா நீ அழுவ."

அழுதேன். பணம் வேண்டாம், ஆனால் உண்மையைச் சொல்லிவிடணும் என்றேன். "எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். எனக்கும்தான்.

மார்ச் 10, திங்கள்

நானே ஆபீஸைக் கூப்பிட்டேன். அதே பெண். முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன்.

"ஆன்ட்டி, ரெண்டு பேரும் வாங்க. ஐசி, பொறப்புப் பத்திரம் எல்லாம் ஒரிஜினல்."

"போலீஸ் இருப்பாங்களா?"

"நான் எந்த வாக்கும் குடுக்க முடியாது ஆன்ட்டி."



மார்ச் 13, வியாழன்

அக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். அவளே போய் எடுக்கிற முதல் பாஸ்போர்ட், அறுபது வயசில். போட்டோவுக்கு உட்காரும்போது என் கையை விடவில்லை. நான் எடுத்த பழைய பாஸ்போர்ட்டைப் பற்றி ஆபீஸில் எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது.

நாங்கள் சிங்கப்பூர் போகும்போது அந்தோணிக்கு மருந்து போட மேரி வருகிறாள். அவளிடம் என் பெயரைச் சொன்னேன். அவள், "அப்ப நான் யார்கூடலா சண்ட போட்டேன்?"

மார்ச் 18, செவ்வாய்

ரீட்டா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பாலம் தாண்டிச் சிங்கப்பூர் இமிகிரேஷன். என்னை உள்ளே விட்டுவிட்டார்கள். அக்கா விரல் வைத்தாள், சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை, சிவப்பு. ஒரு ஆபீசர் வந்து அறைக்குள் கூட்டிப் போனார். கதவு மூடியது. ஜெபம் வாயில் வரவில்லை, "அருள் நிறைந்த" என்பதற்கு மேல் மறந்துவிட்டது. என் பேர் சொல்லி நானே போய் நிற்கலாம் என்று எழுந்தேன்.

கதவு திறந்தது. அக்கா விரலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஊசி குத்திக் குத்தி ரேக தேஞ்சு போச்சாம்டி. ஈரத் துணியில தொட்டு வைக்கச் சொன்னாங்க."

அடுத்து சேமநிதி ஆபீஸ். "பேரு?" என்றாள் அந்தப் பெண். "ஸ்டெல்லா" என்றேன். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. என் விரல் பழைய ரேகையோடு பொருந்தியது. எல்லாவற்றையும் எழுதினாள், கையெழுத்துப் போட்டோம். மேலிடத்தில் விசாரிப்பார்களாம், மாதக்கணக்கில் ஆகும். பணம் வரலாம், வராமலும் போகலாம். என் மேல் நடவடிக்கை? அதையும் அவர்கள்தான் சொல்வார்கள். அக்கா மேல் ஒன்றும் இல்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொன்னாள். இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.



ரீட்டாவிடம் வாசலிலேயே வைத்து அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்து சோறு போட்டாள். பேத்தி அக்கா மடியில். விரலால் அவள் கன்னத்தை இப்படி அப்படித் தள்ளிப் பார்க்கிறது, போனில் அடுத்த படத்துக்குத் தள்ளுகிற மாதிரி. அக்கா அசையாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.