ஆறு பேர் ஏறும் படகு

6-1-84, வெள்ளி

எல்லாம் நான் சொன்னபடிதான் நடக்கிறது. தங்கை அருள்மேரியின் புருஷன் மைக்கேல்ராஜ் படகு வாங்காமல் விடமாட்டான் என்று கிறிஸ்துமஸ் அன்றே சொன்னேன். வாரம் முழுக்க ஷிப்டு, ஓ.டி. ஞாயிற்றுக்கிழமையாவது பெண்டாட்டி, இரண்டு பெண்களோடு மணிமங்கலம் ஏரியில் தூண்டில் போடவேண்டுமாம். "மச்சான், அலுமினியம் உங்க கைப்பழக்கம். நீங்களே பாத்து எடுங்க" என்றான். பின்னே? இருபத்திரண்டு வருஷமாக அண்டா அடிக்கிறவன். காஞ்சிபுரம் வரைக்கும் எந்தக் கல்யாணத்தில் சோறு வெந்தாலும் என் அண்டாதான். கவர்னர் மாளிகையிலும் ஒன்று இருக்கிறதாகக் கேள்வி.

8-1-84, ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூரில் பொன்னுரங்கத்தின் காயலான் கடை. மைக்கேல்ராஜுக்கு இன்றைக்கும் ஓ.டி., நான் மட்டும் போனேன். ஏலத்தில் எடுத்த படகு இரண்டு. ஒன்று அகலம், அடி தட்டை, உடம்பெல்லாம் ரிவிட்டு. இன்னொன்று ஒடுக்கம், உருண்டை அடி, தட்டினால் கோயில் மணி.

"தட்டைய எடு நைனா. பாக்க அசிங்கமாத்தான் கீது, ஆனா கவுறாது" என்றான். விலை போகாத சரக்கைத்தானே கடைக்காரன் புகழுவான்!

அண்டாவைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தேன். இரண்டையும் கல்மேல் ஏற்றி உள்ளே தண்ணீர் நிரப்பிக் கால்மணி நேரம் அடியைப் பார்த்தேன். தட்டையில் மூன்று ரிவிட்டு கசிந்தது. உருண்டையில் ஒரு பொட்டு இல்லை. தீர்ந்தது வழக்கு. ஆறு பேர் தாராளமாய் ஏறலாம் என்று பொன்னுரங்கமே சொன்னதாக மைக்கேல்ராஜிடம் சொன்னேன். குழந்தை மாதிரி சிரித்தான்.

15-1-84

படகுக்கு நீலம் அடித்தோம். ஏரி நிறைந்து கிடக்கிறது.

22-1-84, ஞாயிறு

மைக்கேல்ராஜ் போய்விட்டான்.

24-1-84

நேற்று அடக்கம். எழுத வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அவர்கள் நாலு பேர், நான், என் பெண்டாட்டி லூர்து மேரி. பூசை முடிந்து நேரே ஏரிக்குப் போனோம். நடு ஏரியில் சின்னவள் லீலா தூண்டிலில் மீன் மாட்டியது. எல்லோரும் அந்தப் பக்கம் குனிந்தோம். அவ்வளவுதான் — அண்டா உருளுகிற மாதிரி உருண்டது. கவிழ்ந்த படகின்மேல் இரண்டு பெண்களையும் மைக்கேல்ராஜ் ஏற்றிவிட்டான். அருள்மேரியைப் பிடித்துக்கொள்ளச் செய்தான். நான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தேன். லூர்து மேரியைத் தேடி முழுகினான். அவளைப் படகுப் பக்கம் தள்ளிவிட்டான். அவன் வரவில்லை. காலில் பாசிக்கொடி.

படகு ஒழுகவில்லை. கடைசிவரை ஒழுகவில்லை.

27-1-84

போலீஸ் வந்தது. ஆறு பேர் ஏறலாம் என்று யார் சொன்னது என்று கேட்டார்கள். பொன்னுரங்கம் என்றேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் அவனைக் கூட்டிப் போனார்களாம். ஊரே அவனைத் திட்டுகிறது. நானும்தான்.

2-2-84

பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி காமாட்சியம்மாள் அருள்மேரியைப் பார்க்க வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "அவரு அப்டி சொல்லவேல்லையாம்மா. எம்பொண்ணு தலையில அடிச்சி சத்தியம் பண்றாரு."

அருள்மேரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கண்ணன் அளப்பாரு, இல்லன்னு சொல்லல. சாவு வூட்ல பொய் சொல்லமாட்டாரு" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

4-2-84

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஏட்டு காறித் துப்பாத குறை. மத்தியானம் பொன்னுரங்கத்தை விட்டார்கள். என்னைக் கடந்துதான் போனான். அருள்மேரியிடமும் சொல்லிவிட்டேன். குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நாலு பேர் என்றுதான் பொன்னுரங்கம் சொன்னான். உருண்டையை எடுத்தால் நாலுக்கு மேல் ஏறாதே என்று இரண்டு தரம் சொன்னான். ஆறு, நான் சொன்னது. நாலு என்றால் எனக்கு இடம் இருக்காதே.