என் மேல் வழக்குப் போடுங்கள்

அனுப்புநர்:
தரைப்படை வெடிப்பிரிவின் சார்ஜென்ட்,
(மனநலக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்)

பெறுநர்:
உயர்திரு தலைமைச் சட்ட அதிகாரி அவர்கள்,
படைத் தலைமையகம்.

பொருள்: சட்டவிரோத உத்தரவை மறுத்த எனக்கு மனநோயாளி என்று முத்திரை குத்தியதை நீக்கி, உத்தரவை மீறியவன் என்று முறைப்படி வழக்குத் தொடர வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. தண்டனையிலிருந்து தப்பிக்க மனுப் போடுபவர்களையே தாங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். நான் தண்டனைக்குரிய விசாரணையைக் கேட்டு எழுதுகிறேன். இதனாலேயே என் புத்தியைச் சந்தேகிக்க வேண்டாமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் கம்பெனி அந்த ஊருக்குள் நுழைந்த அன்று நண்பகல், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேலிருந்து ஒரு குண்டு வந்தது. கேப்டனின் ரேடியோக்காரன் நடுத்தெருவில் விழுந்து இறந்தான். அவன் முகாமில் என் பக்கத்துப் படுக்கைக்காரன். தூக்கத்தில் தன் தங்கையோடு சண்டை போடுவான், நாங்கள் விழித்திருந்து கேட்டுச் சிரிப்போம். அவன் உடலை ஓரமாக இழுத்துக் கிடத்தியவர்களில் நானும் ஒருவன். எனக்கும் ரத்தம் கொதித்தது. இதை மறைக்க மாட்டேன்.

3. எங்கள் ஆட்கள் மாடிகளில் தேடினார்கள். சுட்டவன் கூரை வழியே பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவிப் போயிருந்தான். துப்பாக்கியும் இல்லை, ஆளும் இல்லை. அதன் பிறகுதான் கேப்டன் அந்தக் கட்டடத்தைத் தகர்க்கச் சொன்னார். நானும் எங்கள் கார்ப்பரலும் தூண்களில் வெடிமருந்து வைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனோம். இந்தக் கார்ப்பரலுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சண்டையால் இரண்டு முறை தள்ளிப்போனது. அதனால் படையில் எல்லோருக்கும் அவன் ‘மாப்பிள்ளை’தான். கடைசித் தூணில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தரைக்குக் கீழேயிருந்து குக்கர் விசில் அடித்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு ஒரு குழந்தை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

4. நான் வெளியே வந்து கேப்டனிடம் தெரிவித்தேன். எங்களுக்குள் நடந்த பேச்சை, கூட்டாமல் குறைக்காமல், பேசியபடியே கீழே தருகிறேன்.

“சார், நிலவறையில ஆளுங்க இருக்காங்க. குழந்தைங்க சத்தம் கேக்குது.”

“இருந்தா இருக்கட்டும். சுட்டவனுக்கு எடம் குடுத்தவங்கதானே?”

“கொஞ்சம் டயம் குடுங்க சார். கூப்பிட்டா வந்துருவாங்க.”

“எம்பையன் ரோட்டுல கெடக்கான், நீ அவங்களுக்கு டயம் கேக்குறியா? உள்ள யாரும் இல்லன்னு நான் சொல்றேன். வெடிக்க வை. இது உத்தரவு.”

“இந்த உத்தரவ நான் செய்ய மாட்டேன் சார். செஞ்சா நானும் குத்தவாளி, நீங்களும் குத்தவாளி.”

5. வெடியைக் கிளப்பும் பெட்டியின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கேப்டன் அதை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுத்தேன். அது அவனை நம்பியதால்தான். அவன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டான். “சார்ஜென்ட் சொன்னதுதான் சார் எனக்கும்” என்றான். அதிகம் பேசுகிறவன் அல்லன். அன்று முழுவதும் அவன் பேசியது அவ்வளவுதான்.

6. கேப்டன் வேறு பிரிவுக்காரர்களை அழைக்க வண்டிக்குப் போனார். அந்த இடைவெளியில் நான் நிலவறையின் காற்றுத் துளையருகே குனிந்து, “வெளிய வாங்க, ஒண்ணும் செய்ய மாட்டோம், சீக்கிரம் வாங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. அதற்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரு வயதான பெண் சூடாறாத குக்கரைப் பழந்துணியில் பிடித்தபடி வந்தார். கேப்டன் வண்டியருகே நின்று அவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வெடியைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டடம் இன்றும் நிற்கிறது.

7. நடந்தது இது. எழுதப்பட்டதோ வேறு. கட்டடம் காலியாக இருந்தது என்றும், தெருவில் நின்ற மக்கள் அடுத்த தெருவிலிருந்து வந்தவர்கள் என்றும், நண்பனின் மரணத்தால் மனம் கலங்கிய சார்ஜென்ட் இல்லாத ஓசைகளைக் கேட்டார் என்றும் அறிக்கை போயிருக்கிறது. என்னைப் படை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். “தூக்கம் வருதா?” என்றார். “நல்லா வருது சார்” என்றேன். அதையும் நோயின் அறிகுறியாக எழுதியிருக்கிறார். வேலியே பயிரை மேய்வதைப் பார்த்திருக்கிறேன். வேலி மேய்ந்துவிட்டு, பயிருக்குப் பைத்தியம் என்று சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

8. இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம் எனக்குப் புரிகிறது, ஐயா. என்மேல் வழக்குப் போட்டால் அந்த உத்தரவு சட்டப்படியானதா என்ற கேள்வி மன்றத்தில் எழும். பைத்தியக்காரனிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

9. அனுப்பினார்கள். என் மைத்துனன் வந்து பார்த்தான். “விடுங்க மச்சான். பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, ஜெயிலுக்கு இது தேவலை” என்றான். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மனைவி, “நீங்க தெளிவா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதாதா?” என்றாள். போதும் என்றுகூட ஒரு வாரம் நினைத்தேன்.

10. பிறகு மாப்பிள்ளைக்கு நிச்சயம் செய்த பெண் எங்கள் வீடு தேடி வந்தாள். அவனை ராணுவச் சிறையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். குற்றச்சாட்டு: புத்தி பேதலித்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, புத்தியுள்ள அதிகாரியின் உத்தரவை மீறியது. அவள் அழவில்லை. “உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். என் மனைவி எழுந்து போய் என் சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

11. நான் பைத்தியம் என்றால் அவன் குற்றவாளி. நான் தெளிந்தவன் என்றால் அவன் கடமையைச் செய்தவன். இதற்கு நடுவில் எனக்கு வசதியான மூலை எதுவும் இல்லை.

12. படையில் சேரும்போது நாங்கள் எடுத்த உறுதிமொழி, ‘சட்டப்படியான உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவேன்’ என்பது. முதற்சொல் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. ஆயுதமில்லாதவர்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவை மறுப்பது வீரனின் விருப்பமன்று, கடமை என்று புதியவர்களுக்குப் பயிற்சி முகாமில் பாடம் எடுத்தவனே நான்தான். என்னை அந்த வகுப்புக்கு நியமித்தது இதே தலைமையகம். பாடம் தவறு என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். சரி என்றால் கேப்டனைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கிக் கேளுங்கள்.

13. சாட்சி இல்லை என்று தாங்கள் கூற இயலாது. குக்கரோடு வந்த பெண் தையல்காரி. ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். “எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் வர்றேன் தம்பி. குக்கரையும் தூக்கிட்டு வரணுமா?” என்று கேட்டார். அன்று இருமிய குழந்தை அவர் பேத்தி. இன்னும் இருமல் நிற்கவில்லை. உயிரோடு இருப்பதால் இருமுகிறது.

14. ஆகவே நான் கோருவன: என்மீதான மருத்துவச் சான்றை ரத்து செய்யுங்கள். உத்தரவை மீறியதாக என்மேல் வழக்குத் தொடுத்து, பொதுமக்கள் முன்னிலையில் விசாரியுங்கள். கார்ப்பரலை விடுதலை செய்யுங்கள். அது முடியாதென்றால், தீர்ப்பு வரும்வரை அவனிருக்கும் அறையிலேயே என்னையும் அடையுங்கள்.

15. இம்மனுவின் முதல் படியில் ‘கருணை கூர்ந்து’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டாள். இதில் கருணைக்கு வேலையில்லை என்றாள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

16. வரும் திங்கட்கிழமை காலை, தலைமையகத்தின் முன்வாயிலில் சீருடையில் வந்து நிற்பேன். ஆயுதம் கொண்டுவர மாட்டேன். என்னைக் கைது செய்யுங்கள். செய்ய மாட்டீர்கள் என்றால், ஏன் செய்யவில்லை என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். இரண்டில் ஒன்று கிடைக்கும்வரை அங்கேயே நிற்பேன். வாயிற்காவலர்களுக்கு இப்போதே சொல்லி வைப்பது நல்லது. என்னை அப்புறப்படுத்தச் சொல்லும் உத்தரவு சட்டப்படியானதா என்று அவர்கள் தங்களிடம் கேட்கக்கூடும். அவர்களில் பாதிப்பேர் என் மாணவர்கள்.

இடம்: என் வீடு
நாள்: பதினான்காம் தேதி, வியாழக்கிழமை

இங்ஙனம், தெளிந்த புத்தியுடன்,
(கையொப்பம்)
சார்ஜென்ட், வெடிப்பிரிவு