ஏற்காட்டு ஸ்வெட்டர்

மாமா,

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய் வந்தேன். வருஷா வருஷம் நாம் போகிற மாதிரியே, கள்ளக்குறிச்சியில் சேலம் பஸ் ஏறித்தான். நீங்கள் விட்டுக்கொடுக்காத ஜன்னலோரம் இந்த முறை எனக்கே கிடைத்தது.

ஏரிப் பக்கத்துக் கடைகளை ஒன்று விடாமல் பார்த்தேன். மிளகு வாங்கினேன். அப்புறம் நம் ஸ்வெட்டர்கார அம்மாவிடம் போனேன். அங்கே நமக்கு ஒரு வழக்கம் உண்டே. நான் துணியைத் தடவிக்கொண்டு நிற்பேன். நீங்கள், "இன்னா இவ்ளோ ஜாஸ்தி சொல்றாங்க! வா, வூட்டுக்குப் போலாம்" என்று சத்தம் போட்டுவிட்டு, எதிரே மரத்தடியில் போய் முதுகைக் காட்டி நிற்பீர்கள். அந்த அம்மா உடனே விலையை இறக்குவார். நான் வாங்கிக்கொண்டு சிரித்தபடி உங்களிடம் ஓடி வருவேன்.

இந்த முறை பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்து, "கம்மி பண்ணிக் குடுங்கம்மா" என்றேன். அவர் மரத்தடியைப் பார்த்தார். பிறகு என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"நீ கேக்கற வெலக்கே எடுத்துக்க கண்ணு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது, மாமா. "அதெல்லாம் வேணாம், சொன்ன வெலயவே வாங்கிக்குங்க" என்று முழுசாகக் கொடுத்தேன்.

பை கைக்கு வந்ததும், பழக்கத்தில், மரத்தடிக்கு ஓடிவிட்டேன். பாதி தூரம் போன பிறகுதான் கால் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். உங்கள் அளவில் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் பொண்டாட்டி