தண்ணீர் ஆகாத தொட்டி

3 ஜூன் 2024, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. துறைமுகச் சாலையில் நிலக்கரித் தூசியும் உப்புத் தூசியும் சேர்ந்து பறக்கின்றன. எண்ணெய்க் கிணறுகளுக்குத் திரவம் கலக்கும் எங்கள் புது யார்டுக்குள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது என் முகம் எனக்கே தெரியாது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஷார்ஜாவில் ஆறு வருஷம் பார்த்த அதே லேப் வேலை. ஆனால் இங்கே சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ரெக்சன் இருக்கிறார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்தும் தள்ளியும் விடும் டக் படகில் டூட்டி முடிந்து, எனக்கு முன்னால் வந்து உலை வைத்திருப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் குடித்தனம் நடக்கிறது.

ஒரே ஒரு உறுத்தல். முதல் தொட்டிச் சரக்கு தேறினால்தான் மும்பை கம்பெனி மேற்கொண்டு ஆர்டர் தரும். தேறாவிட்டால் யார்டு மூடல், நான் மறுபடி ஷார்ஜா. பழைய ஆபீசில் ஜூலை கடைசி வரை என் இடத்தை வைத்திருக்கிறார்கள்.

4 ஜூன்

ரெக்சனின் தங்கை பிலோமி வந்திருந்தாள். "எண்ணெய்க் கிணத்துக்கு என்னத்தத்தான் மைனி கலக்கி அனுப்புதிய?"

சொன்னேன். கடலுக்கடியில் கிணறு தோண்டும்போதும், தோண்டி முடித்து எண்ணெய் எடுக்கத் தயார்ப்படுத்தும்போதும் உள்ளே ஒரு திரவம் நிரம்பி நிற்க வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள அழுத்தம் சீறிக்கொண்டு மேலே வரும். சில பாறைகளில் களிமண் உண்டு. தண்ணீர் பட்டதும் உப்பி எண்ணெய் வரும் வழியை அடைத்துவிடும். அந்தக் கிணறுகளுக்குத் தண்ணீருக்குப் பதிலாக சால்வென்ட் என்ற கரைப்பானில் கலக்கிய திரவம். அதற்குச் சொட்டுத் தண்ணீர் ஆகாது.

"புதுமாப்பிள்ள மாதிரி, தொட்டாலே கோவம் வரும்னு சொல்லுங்க" என்றாள்.

6 ஜூன், வியாழன்

தொட்டிக்குள் இறங்கி நானே துணியால் துடைத்துப் பார்த்தேன். எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. தொட்டி தயார் என்று கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மந்திரிப்பு, கோயில் சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளிப்பது. எங்கள் கடற்கரையில் புதுப்படகை மந்திரிக்காமல் இறக்கமாட்டார்கள். மேனேஜர் கிளாட்வின் அண்ணாச்சிக்குத் தொட்டியும் படகும் ஒன்றுதான். சாமியார் மெழுகுவர்த்தியை எடுத்ததும் அலறிவிட்டேன் — பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் சால்வென்ட் இருக்கிற இடம்! அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு, தீர்த்தத்தை மட்டும் வெளியே தெளித்தார். வந்தவர்கள் எல்லாரும் ஏணியில் ஏறி, திறந்திருந்த வாய் வழியாகத் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். ரெக்சனும் லீவு போட்டு வந்திருந்தார். பெருமையாக இருந்தது.

8 ஜூன்

நிரப்பியாகிவிட்டது. நன்றாகத் தூங்குவேன்.

10 ஜூன், திங்கள்

மேல் சாம்பிள் சரி. நடு சாம்பிள் சரி. தண்ணீர் பட்டால் சிவக்கும் பசையைக் கம்பியில் தடவி அடிவரை இறக்கினேன். நுனி சிவந்து வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். மறுபடி சிவப்பு.

அடியில் கொஞ்சம் வடித்துப் பார்த்தேன். தண்ணீரேதான். உப்பும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? நான்தானே துடைத்தேன்?

11 ஜூன்

தொட்டிக்குத் தரைக்கடியில் வரும் பைப் ஓட்டையாகி, நிலத்தடி உப்புத் தண்ணீர் கசிகிறது என்கிறார் அண்ணாச்சி. கசிவு என்றால் அடியை வடித்துப் பிரயோசனமில்லை, திரும்பத் திரும்ப ஊறும். தோண்டிப் பார்க்க இரண்டு வாரமாவது ஆகும். கப்பல் சனிக்கிழமை வருகிறது.

"மேல் சாம்பிள மட்டும் அனுப்பிருவோமாம்மா?"

"அதுக்கு வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி."

அவர் முகம் வாடிவிட்டது. யார்டில் எட்டுப் பேர். எல்லாருக்கும் இதுதான் சோறு. எனக்கு மட்டும் ஷார்ஜா இருக்கிறது. அந்த நினைப்பே கசந்தது.

12 ஜூன்

சாயங்காலம் டீ குடிக்கும்போது ரெக்சன் கேட்டார்: "ஏளா, அந்தத் தண்ணில உப்பு இருக்குன்னியே, எம்புட்டு?"

"கடல்தண்ணில பாதிகூட இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தார். "தீர்த்தத்துல சாமியார் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பாரு."

"அதுக்கென்ன?" என்றேன்.

"மிச்சத் தீர்த்தம் பாட்டில்ல இருந்துச்சி. புதுப்படகுன்னா உள்ள அடிப்பலகைல ஊத்துவோம்லா... அதான், ஏணில ஏறுனப்போ..."

"ஊத்துனீங்களா?"

"யார்டு நல்லா நடக்கணும், நீ திரும்பப் போயிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் ஊத்துனேன்."

கத்து கத்தென்று கத்தினேன். புத்தியை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள், நான் பைத்தியக்காரி மாதிரி அலைகிறேனே என்று என்னென்னவோ. அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் இல்லை. ஆறு வருஷமாய் ஏர்போர்ட்டில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிய மனுஷன், போகாதே என்று ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. தொட்டியிடம் சொல்லியிருக்கிறார்!

13 ஜூன், வியாழன்

ரெக்சனே யார்டுக்கு வந்து சொன்னார். அண்ணாச்சி வாயைப் பிளந்தார். "ஏலே, ஊத்துனவன் ஒரு வார்த்த சொல்லிட்டு ஊத்தக் கூடாதாலே?" பிறகு நாற்காலியில் சாய்ந்து, "பைப் நல்லாத்தான் இருக்கு, மாதாவே தோத்திரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடியை வடித்து, சரக்கு முழுவதையும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியில் ஓட்டினோம். மும்பைக்கு அறிக்கை. காரணம் என்ன எழுத? 'ஈரம்' என்று பொதுவாகப் போடச் சொன்னார் அண்ணாச்சி. நான் உள்ளதை எழுதினேன். மும்பை கம்பெனி அம்மாள் போனில் கூப்பிட்டு, அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "இது மறுபடி நடக்குமா?" என்றார்.

"நடக்காது மேடம். அவர் என் வீட்டுக்காரர்தான்."

15 ஜூன், சனி

இரண்டு நாளும் பசை சிவக்கவில்லை. இன்று ஏற்றிவிட்டோம். கப்பல் கிளம்பும்போது அதைத் தள்ளிவிட்டது ரெக்சனின் டக்.

9 ஜூலை

கிணறு நன்றாக வந்திருக்கிறதாம். இன்னும் மூன்று தொட்டி கேட்டிருக்கிறார்கள்.

28 ஜூலை, ஞாயிறு

பனிமய மாதா கோயிலில் கொடியேறி இரண்டு நாளாகிறது. தெருவெல்லாம் கூட்டம். பிலோமி வேலைக்காக மஸ்கட் போகிறாள். நல்ல பெட்டி இல்லை என்றாள். கட்டிலுக்கடியில் இருந்த என் பெரிய பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன்.

ரெக்சன் வந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். "பெட்டி எங்க?"

"பிலோமிக்குக் குடுத்துட்டேன்."

"அப்போ ஒனக்கு?"

"எனக்கு எதுக்கு?"

பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். முழுச் சீலா மீன் ஒன்றோடு வந்தார். இரண்டு பேருக்கு எப்படித் தீரும் இது?