ஒரே ரத்தம் என்று யார் சொன்னது?

ஏப்ரல் 13, 2025 ஞாயிறு

மாத ஊசி போட்டுக்கொண்டேன். தொடையில், எனக்கு நானே. ஐந்து வருடத்துக்கு முன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்த ஜெயசுதாவா இது!

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சியாளர் மணிமொழி பேசினார். என்னைப் போல் மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் எந்த மரபணு விழித்து வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று பார்க்கிறார்களாம். ஒப்பிட, நோயில்லாத ஆளும் வேண்டும். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார். இரட்டைப் பிறவி, ஒரே அச்சு என்றேன். "ஒரே அச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். பாவம், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் என் தங்கை கொடி வர வேண்டுமே.

ஏப்ரல் 16

வர மாட்டாளாம். "எனக்கு இன்னா இருக்குதுன்னு நோண்டிப் பாக்கணுமா? ஆள விடுடி" என்று போனை வைத்துவிட்டாள்.

தப்பு என்மேல்தான். ஒரே அச்சு இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் இன்னொருத்திக்கும் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதை, இரண்டு வருடத்துக்கு முன் அவளிடமே போய் உளறினேன். அவள் இருக்கும் வல்லம் பக்கத்திலிருந்து எங்கள் செஞ்சிக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம்? அன்றிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருகிறாள். என் நடையைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசிவிட்டுப் போகிறாள். எனக்குக் கோபம்தான். இருந்தாலும் அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்?

ஏப்ரல் 17

பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் இந்த மரபணுப் பாடத்தைத்தானே நடத்துகிறேன். ஒரே வயரிங் போட்ட இரண்டு வீடு, எரிகிற விளக்குகள் வேறு வேறு. பிள்ளைகளுக்குப் புரிகிறது. தங்கைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 27

கொடியே கூப்பிட்டாள். வருகிறாளாம்! "ஆனா இப்ப இல்ல. காப்பு கட்டிட்டேன். தீ மிதிச்சு காப்பு அவுக்கறவரைக்கும் ஊர் எல்லைய தாண்டக்கூடாது."

என்ன வேண்டுதல் என்றேன்.

"உனக்காவத்தான்டி. பின்ன ஊர்ல இருக்கறவளுக்கா?"

திரௌபதி அம்மனுக்கு முன்னால் மணிமொழி என்ன செய்வார்? மே 14 என்று தேதி கொடுத்தார்.

மே 9, வெள்ளி

சூடு பட்டால் எனக்குக் கண் மங்கிக் கால் மடங்கும், அதனால் தீமிதிக்குப் போகவில்லை. கொடி வீட்டுக்காரர் விநாயகம் வீடியோ அனுப்பினார். மஞ்சள் புடவையில் நெருப்பில் இறங்கி விறுவிறு என்று போய்விட்டாள். பதினோரு தடவை பார்த்தேன். அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

மே 14, புதன்

இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

செஞ்சியில் பஸ் ஏறி அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் ஊர் வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடி பஸ்ஸை நோக்கி வருகிறாள் — இடது காலை இழுத்துக்கொண்டு. எனக்கு முதலில் இழுத்ததும் அதே இடது கால்தான். ஐயோ, அவளுக்குமாடி? அம்மா தாங்குவாளா?

"காலுக்கு என்ன?"

"செருப்பு கடிச்சிடுச்சு."

ஐந்து வருடத்துக்கு முன் மூணு மாசம் நானும் இதையேதான் சொன்னேன்! புதுச்சேரி வரைக்கும் அவள் கையை மட்டும் பிடித்திருந்தேன்.

மணிமொழி கேள்வித்தாளைப் படித்தார். "ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், காயம், தீப்புண் ஏதாவது?"

கொடி தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம்.

"வெரதத்துல கொறைன்னு பேசுவாங்க. அதான் அவுருகிட்டகூட சொல்லல" என்றாள்.

"அடிப்பாவி! கொப்புளமா? வெறும் கொப்புளமாடி?" அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

மணிமொழி முகம்தான் வாடிவிட்டது. புண்ணை ஆற்ற ரத்தத்தில் ஏகப்பட்ட மரபணுக்கள் விழித்திருக்குமாம், இப்போது எடுத்தால் ஒப்பீடு தப்பாகிவிடும், ஐந்து வாரம் கழித்து வாருங்கள் என்றார். எனக்காக மிதித்த தீதான் என் வேலையையும் கெடுத்தது.

திரும்பும்போது நான் பயந்ததைச் சொன்னேன். கொடி சொன்னாள்: "ஒரு நாளைக்கே உனக்கு இப்டின்னா? நான் ரெண்டு வருசமா தெனம் எழுந்ததும் கால் வெரல ஆட்டிப் பாத்துட்டுதான் கீழ எறங்கறேன்."

இத்தனை நாள் என்னை ஒதுக்குகிறாள் என்று நினைத்தேனே, மக்கு நான்.

மே 27

கொப்புளம் காய்ந்துவிட்டது. தினம் ஒரு படம் அனுப்புகிறாள். என் போன் முழுக்க அவள் கால்.

ஜூன் 18

இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். யாருக்கு முதலில் என்று சண்டை போட்டு அவளே ஜெயித்தாள். மூளை ஸ்கேனும் எடுக்கிறோம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். "இவ்ளோ தூரம் வந்தாச்சி, எடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 24

கொடியின் ஸ்கேனில் இந்த நோயின் புள்ளி ஒன்றுகூட இல்லை. இல்லவே இல்லை!! அம்மா கேசரி கிளறினாள், முந்திரி அதிகம்.

செப்டம்பர் 13, சனி

மாத ஊசி. கொடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, "குடு, நான் போடறேன்" என்று வாங்கிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாளோ என்னவோ, நன்றாக வலித்தது.

மணிமொழி எங்கள் இருவர் ரத்தத்தின் மரபணுப் படத்தை அனுப்பியிருந்தார். ஒரே மரபணுக்கள், ஆனால் நூற்றுக்கணக்கானவை என்னிடம் ஒரு மாதிரி வேலை செய்கின்றன, அவளிடம் ஒரு மாதிரி. இதை வைத்து இப்போதைக்கு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது, நிறையப் பேரைப் பார்த்தால்தான் தெரியும் என்று கீழே எழுதியிருந்தார். அடுத்த மே மாதம் மறுபடி ரத்தம் வேண்டுமாம்.

"தேதிய இப்பவே கேட்டு வையி. அம்மன தள்ளி வைக்க முடியாது, அந்தம்மாவ தள்ளி வைக்கலாம்" என்றாள் கொடி.

செப்டம்பர் 14

இரவு இங்கேயே தங்கிவிட்டாள். காலையில் அவளுக்கு முன்னாலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவள் கண் திறக்கும்போது அவள் கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைக்கவில்லை. எழுந்தாள், கொட்டாவி விட்டாள், "காபி போட்டியா இல்லியா?" என்றாள்.